கீழே நிற்கிறவன்

சொரிமுத்துவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவன் அம்மா ஆறுமுகத்தாய், "எம்மவன் கீழ நிக்கான்" என்பாள். கேட்டவர்கள் முழிப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் பிள்ளை மேலே போக வேண்டும் என்றுதான் ஆசை. இவள் என்னடா என்றால் கீழே நிற்பதைப் பெருமையாகச் சொல்கிறாள். கட்டட வேலைக்குப் போனவர்களுக்குத்தான் அந்தப் பெருமை புரியும்.

வீட்டுக்குத் தளம் போடுகிற அன்று, மேலே இரும்புத் தகடுகளைப் பரப்பி, அவற்றுக்கு அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஈரக் காங்கிரீட்டின் கனம், அதைச் சுமந்து நடக்கிற இருபது பேரின் கனம், எல்லாம் அந்தக் கம்புகளின் தலையில்தான். மேலே வேலை நடக்க நடக்க, ஒருவன் கீழே அரையிருட்டில் சுத்தியலோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுகி நிற்கிற கம்பு 'டங்' என்று பதில் சொல்லும். இளகின கம்பு 'தொப்' என்று செத்த சத்தம் போடும். செத்த சத்தம் கேட்டால் அடியில் மர ஆப்பை வைத்து இரண்டு அடி அடித்து இறுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் மேலே நிற்கிற இருபது பேரின் உயிரும் அந்த ஒருவனின் காதில் இருக்கிறது என்பது, வீடு கட்டுகிறவருக்கே பாதி நேரம் தெரியாது.

சொரிமுத்துவுக்கு அந்தக் காது வாய்த்திருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்டது. கைவிட்ட மறுமாதமே, மேலப்பாளையம் நூர்முகம்மது மேஸ்திரியிடம் சென்ட்ரிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மூன்று வருஷம் தகடு சுமந்தான், ஆணி பிடுங்கினான். இருபது வயதில், அதாவது தொண்ணூற்றி நாலில், மேஸ்திரி சுத்தியலை அவன் கையில் கொடுத்து, அடுத்த காங்கிரீட்டுக்குக் கீழே நிற்கச் சொன்னார். அவனைவிடப் பத்து வயது மூத்தவர்கள் நான்கு பேர் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் தச்சநல்லூர் வீட்டுக்கு அவன் நடந்து வந்த நடையைப் பார்த்து, "என்னலே, கலெக்டர் வேலை கெடச்ச மாதிரி வாரே?" என்று ஆறுமுகத்தாய் கேலி செய்தாள்.

அவளும் அதே கோஷ்டியில் சட்டி சுமந்தவள்தான். முழங்கால் தேய்ந்துபோய் நின்றுவிட்டாள். அவளோடு சேர்ந்து சுமந்தவள் கோமு. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சூரத்துக்குப் போனவன் போனவன்தான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யாரிடமும் எதற்கும் போய் நிற்காமல் காலம் தள்ளினாள். ஒரு சட்டிக் காங்கிரீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, சாய்வாகப் போட்ட பலகையில் கைவீசி ஏறுவாள். பார்க்கிறவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

கோமுவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பலகையில் முதல் அடி வைக்கும்முன் நின்று, தளத்துக்குக் கீழே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"லே சொரிமுத்து, கீழ நிக்கியா?"

"நிக்கேன்க்கா!"

அந்தப் பதில் வந்த பிறகுதான் ஏறுவாள். சாப்பாட்டுக்கு இறங்கி மறுபடி ஏறும்போதும் கேட்பாள். மேலே நிற்கிற ஆண்கள் கிண்டல் செய்வார்கள். "கோயில்ல மணியடிச்சாத்தான் பூசாரி உள்ள போவாராக்கும்" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். சொரிமுத்துவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். வீட்டில் அவனை யாரும் அப்படி ஒன்றும் கேட்பதில்லை. தான் ஒரு ஆள், தன் சொல்லை நம்பி ஒருத்தி காலை எடுத்து வைக்கிறாள் என்ற நினைப்பு அவனுக்கு வேண்டியிருந்தது.

இனி அந்த மஞ்சள் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தளம் போடுகிற நாள் கட்டடக்காரர்களுக்குத் திருநாள். காலையில் பூசை உண்டு. மத்தியானம் வீட்டுக்காரர் செலவில் பிரியாணி உண்டு. அதோடு ஒரு மஞ்சள் பையும் உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பையனுவளுக்கு ஏதாவது பாத்துச் செய்ங்க" என்று ஒருவர் சொல்வார். வீட்டுக்காரர் தலையாட்டுவார். பிராந்திக் கடையிலிருந்து மஞ்சள் பை வந்து, தேங்காய் பழத் தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். விநாயகருக்குக் காட்டுகிற சூடம் அதற்கும் சேர்த்துத்தான்.

நூர்முகம்மது மேஸ்திரி தொடாதவர். மற்றவர்களைத் தடுக்கிற தைரியமும் அவருக்கில்லை. தடுத்தால் கோஷ்டி கலைந்துவிடும். அதனால் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "கடைசிச் சட்டி விழுறவரைக்கும் எவனும் பையைத் தொறக்கப்பிடாது." எல்லாரும் அதை மதித்தார்கள். கடைசிச் சட்டி விழுந்த மறுநிமிஷம் பை திறக்கும்.

கீழே நிற்கத் தொடங்கிய முதல் நாளே சொரிமுத்துவுக்கும் ஒரு கிளாஸ் வந்தது. கொடுத்தவன் கலவை மிஷின் ஓட்டுகிற கனி. பக்கத்தில் கம்பி கட்டுகிற மாரிக்கண்ணு. இரண்டு பேருக்கும் அவனைவிட நாலைந்து வயது கூட.

"எனக்கு வேண்டாம்ணே."

"ஏலே, குடின்னா சொன்னேன்? சும்மா கம்பெனிக்கு ஒரு வாய் வச்சுக்கோ."

இந்தக் 'கம்பெனிக்கு' என்ற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். குடி என்று சொன்னால் ஓடுகிற பையன்கள் கம்பெனி என்று சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். சொரிமுத்துவும் உட்கார்ந்தான். வாய் வைத்தான். கசந்தது, தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாரும் சிரித்து அவன் முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டல்தான் அவனுக்கு ருசித்தது. நேற்றுவரை ஆணி பிடுங்கின பயலை இன்று பெரிய ஆட்கள் வட்டத்துக்குள் நகர்ந்து இடம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இருபது வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்தாய் மோப்பம் பிடித்துவிட்டாள். "இன்னைக்குக் காங்கிரீட்டும்மா" என்றான். காங்கிரீட் அன்று ஆண்கள் குடிப்பதை அவள் பதினெட்டு வருஷமாகப் பார்த்தவள். காங்கிரீட் அன்று மட்டும் குடிக்கிறவனைக் குடிகாரன் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் தனக்கு அதையே சொல்லிக்கொண்டான். காங்கிரீட் அன்றைக்கு மட்டும்.

முதலில் அது மாதத்துக்கு ஒரு நாளாக இருந்தது. பிறகு தச்சநல்லூரைத் தாண்டி வயல்களையெல்லாம் பிளாட்டுகளாக்கிக் கல் நட்டார்கள். வளைகுடாவில் பிள்ளை இருப்பவர்கள், சேமிப்பை வெளியே எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு கட்டக் கிளம்பினார்கள். மாதத்துக்கு மூன்று காங்கிரீட், பிறகு வாரத்துக்கு ஒன்று. சில வாரம் இரண்டு. அவன் விதி மாறவே இல்லை. காங்கிரீட்தான் கூடிக்கொண்டு போனது.

தொண்ணூற்றாறு, வைகாசி மாசம். ஹரிஹரசுப்பிரமணியன் என்று தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆற்றங்கரைத் தெருவில் இருந்த பழைய வீட்டை அண்ணனுக்கு விட்டுவிட்டுப் புது பிளாட்டில் வீடு கட்டினார். நல்ல மனுஷர். தொழிலாளிகளை எல்லாம் வாங்கோ போங்கோ என்பார். மஞ்சள் பை விவகாரம் அவருக்குப் பெரிய தர்மசங்கடம். கனிதான் வாங்கி வந்து கொடுத்தான். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் மனைவி ராஜலக்ஷ்மி மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து மறைத்தாள்.

அன்று காலையிலேயே சொரிமுத்து ஒன்றைக் கவனித்திருந்தான். போர்டிகோவின் வடக்கு மூலைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி கசிந்தது. அங்கே மண் புதிதாக நிரப்பின மண். மூலை முட்டுக்கு அடியில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு செங்கலை அடியில் வைத்து ஆப்பை இறுக்கிவிட்டு, போர்டிகோவுக்கு ஆட்கள் வரும்போது இங்கேயே நின்றுகொள்ள வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டான். வேலை தெரிந்தவன்தான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு மிஷினின் பெல்ட் அறுந்தது. வீட்டின் பின்பாதிக்கு மட்டும் காங்கிரீட் விழுந்திருந்தது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, புது பெல்ட் வாங்க ஜங்ஷனுக்கு வண்டியை விரட்டினார். பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். கனியும் மாரிக்கண்ணும் வீட்டுக்கு மேற்கே மணல் குவியலுக்குப் பின்னால் போனார்கள். கனி கையில் மஞ்சள் பை இருந்தது.

"சொரிமுத்து, இங்கன வா."

"மேஸ்திரி வந்துருவாருண்ணே."

"வாரதுக்கு முக்கா மணிநேரம் ஆவும். நாம என்ன மூக்குமுட்டவா குடிக்கப்போறோம்? வெயிலு மண்டையப் பொளக்கு. ஒரே ஒரு ரவுண்டு."

"கடைசிச் சட்டி விழலையே."

"சட்டம் பேசுதான் பாரு வக்கீலு" என்று மாரிக்கண்ணு சிரித்தான். "எங்ககூட உக்காரப் பிடிக்கலைன்னா சொல்லிரு."

பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாகத் தோளில் கை போட்டுப் பழகினவர்கள். அவன் உட்கார்ந்தான். ஒரு கிளாஸ் உள்ளே போனது. இரண்டாவதைக் கனி கேட்காமலே ஊற்றினான்.

தலை சுற்றவில்லை. நாக்குக் குழறவில்லை. கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் மோசம். தள்ளாடியிருந்தால் அவனே பயந்துபோய்ச் சுத்தியலை வேறு ஒருவனிடம் கொடுத்திருப்பான். உடம்பு இலேசாக இருந்தது, உலகம் நல்லதாக இருந்தது. வடக்கு மூலையில் இருந்த ஈரம் மறந்துபோகவில்லை. அது அவசரமில்லாததாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மாரிக்கண்ணு கதை சொல்லத் தொடங்கினான். கதை சொல்வதில் அவனுக்கு ஈடு கிடையாது. கொற்கைப் பக்கம் பெண் பார்க்கப் போன கதை. தெரு மாறி வேறு ஒரு வீட்டுக்குள் போய் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்களாம். அந்த வீட்டுக்காரர்களும் யாரோ என்னவோ என்று கேசரி கொடுத்துவிட்டார்களாம். இவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார்களாம். சொரிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டது. கனி வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினான். பத்து நிமிஷத்தில் மிஷின் உறுமியது. "ஏறுங்க, ஏறுங்க! போட்டதெல்லாம் எறுகிரும்!" என்று மேஸ்திரி கத்தினார். பாதி போட்ட காங்கிரீட் இறுகிப்போனால் அதன்மேல் புதியது ஒட்டாது. அவருக்கு அந்தப் பதற்றம். பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். இந்தத் தடவை போர்டிகோ பக்கம். பலகையருகே முதல் ஆளாகக் கோமு நின்றாள்.

"லே சொரிமுத்து, கீழ நிக்கியா?"

அவன் மணல் குவியலுக்குப் பின்னால் இருந்தான். கிளாஸில் பாதி மிச்சமிருந்தது. மாரிக்கண்ணுவின் கதையில் உள்ளே இருந்து பெண்ணின் புருஷனே எழுந்து வந்துகொண்டிருந்தான். இது முடிந்ததும் எழுந்துவிடலாம் என்று நினைத்தான். ஒரு நிமிஷம். போனால் ஒன்றரை நிமிஷம்.

"நிக்கேன்க்கா!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. முதலில் மரம் முனகுகிற மாதிரி ஒன்று. அதன்பின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிகிற சத்தம். அதன்பின் மேலே இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட கூச்சல். போர்டிகோவின் வடக்கு மூலை உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் பின்னால் பாய்ந்து தப்பினார்கள். முதல் ஆளாகப் போன கோமு சட்டியோடு கீழே போனாள்.

சொரிமுத்து எழுந்து ஓடினான். ஓடும்போதே திரும்பிப் பார்த்தான். மாரிக்கண்ணு ஓடி வரவில்லை. குனிந்து பாட்டிலையும் கிளாஸையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான். கையால் அள்ளி அள்ளி, பூனை மாதிரி மூடிவிட்டுத்தான் வந்தான். அவனை மட்டும் குறை சொல்வானேன்? தகட்டைத் தூக்கிக் கோமுவை வெளியே எடுத்து, வேனில் ஏற்றுகிற நேரத்தில் கனி இவன் காதருகே வந்தான். "வாய் நாறுது. பையப் போயி அந்தக் கொய்யா எலையைப் பறிச்சு மென்னுட்டு வா" என்றான். சொரிமுத்து போனான். அடுத்த மனையில் இருந்த கொய்யா மரத்தில் நாலு இலை பறித்து வாயில் திணித்து மென்றான். வேனுக்குள் கோமு அம்மா, அம்மா என்று அலறிக்கொண்டிருந்தாள். இவன் அதைக் கேட்டுக்கொண்டே மென்றான்.

தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்பிலும் அடி. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி சொரிமுத்துவைத் தனியாக அழைத்தார்.

"மூலை முட்டைத் தட்டினியாடே?"

"தட்டினேன் மேஸ்திரி."

"கீழ நின்னியா?"

அவன் வாய் திறக்கும்முன் கனி முந்திக்கொண்டான். "அவன் கீழதான் நின்னான் மேஸ்திரி. நாங்க பாத்தோம்லா. தொட்டித் தண்ணி எறங்கி மண்ணு உள்வாங்கிட்டு. அவன் என்ன செய்வான் பாவம்?" மாரிக்கண்ணுவும் ஆமாம் என்றான். மேஸ்திரி அல்லாவை அழைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். தொட்டியை அந்த இடத்தில் வைக்கச் சொன்னது அவர்தான். பழியைத் தானே எடுத்துக்கொண்டார். ஹரிஹரசுப்பிரமணியன் வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டார். புது வீட்டுக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ராஜலக்ஷ்மி பூசணிக்காய் உடைத்தாள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சொரிமுத்துவுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகாவது அவன் கிளாஸைத் தூக்கி எறிந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. தனக்காகப் பொய் சொன்னவர்கள் கிளாஸை நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முன்பெல்லாம் சேர்க்கைக்காகக் குடித்தான். இப்போது வேண்டாம் என்றால், "என்னலே, நாங்க ஒனக்காவ எவ்வளவு செஞ்சோம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து குடித்தான். அவர்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காங்கிரீட் இல்லாத நாட்களிலும் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சிரிப்பு குறைந்துபோனது. கேசரிக் கதையின் முடிவை மாரிக்கண்ணு சொல்லவும் இல்லை, இவன் கேட்கவும் இல்லை.

ஆறுமுகத்தாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோமுவைப் பார்க்கப் போவாள். "நீயும் வாயேம்லே, ஒன்னைக் கேக்கா" என்பாள். இவனுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ வேலை இருக்கும். கோமுவால் இனிச் சட்டி சுமக்க முடியாது. ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கூடச் சேர்ந்து சுற்றினாள். இதையெல்லாம் ஆறுமுகத்தாய் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பான்.

இன்னொன்றும் நடந்தது. கோமு விழுந்த பிறகு கோஷ்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் அவள் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடி வைக்கும்முன் ஒவ்வொருத்தியும் குரல் கொடுத்தாள். கீழ நிக்கியா, கீழ நிக்கியா என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்டது. அந்த ஐம்பதுக்கும் பதில் சொல்வதற்காகவே காலையில் வரும்போது ஒரு கட்டிங் பிராந்தி போட்டுவிட்டு வரத் தொடங்கினான். அதற்குக் கம்பெனி வேண்டியிருக்கவில்லை. தனியாகவே முடிந்தது.

தொண்ணூற்றெட்டு ஆடி மாசம், பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. புதிதாக வந்த சித்தாள், பதினெட்டு வயதுகூட இருக்காது. பலகையருகே நின்று கேட்டாள்.

"அண்ணே, கீழ நிக்கியளா?"

அன்று அவன் கீழேதான் நின்றான். சுத்தியலும் கையில்தான் இருந்தது. பதில் சொல்லும்முன் பக்கத்து முட்டைத் தட்டினான். சத்தம் வந்தது. அது 'டங்'கா 'தொப்'பா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி தட்டினான். அடுத்ததைத் தட்டினான். எல்லாம் ஒரே சத்தமாக, தூரத்தில் எங்கோ கேட்டது. காது முழுக்க அவனுடைய நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே?"

"ஏறாத" என்றான். வெளியே வந்து சுத்தியலை மேஸ்திரியின் காலடியில் வைத்தான். "வேற ஆளை நிறுத்துங்க மேஸ்திரி. எனக்குச் சத்தம் தெரியல." மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். கனி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இவன் ரோட்டுக்கு வந்து, தச்சநல்லூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிக் கோமுவின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

கோமு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மூங்கில் சொளவு, அதில் பீடி இலையும் தூளும். குட்டைக் காலை நீட்டியிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"வாலே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எக்கா, அன்னைக்கு..." என்று தொடங்கிவிட்டான். அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"குடிச்சிருக்கியா?"

அவன் தலை குனிந்தான்.

"அப்பம் போயிட்டு வா. நீ என்ன சொல்ல வந்தியோ, அதைக் குடிக்காம வந்து சொல்லு. இது பிராந்தி பேசுத பேச்சு. எனக்கு இது வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. தராசில் நிறுத்துப் போடுகிறவள் மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு இலையைச் சுருட்டத் தொடங்கினாள்.

மறுநாள் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். காலையில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு ஒரு வாய், அதோடு நிறுத்திவிடலாம் என்று போனவன் சாயங்காலம்தான் எழுந்தான். அதற்கு மறுநாள் அவள் தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பினான். மூன்றாம் நாள் கனியும் மாரிக்கண்ணும் வீட்டுக்கே தேடி வந்தார்கள். நல்லதுக்குத்தான் வந்தார்கள், இரக்கத்தோடுதான் அழைத்தார்கள். அவனும் போனான். இருபத்தினாலு வயதுப் பையன், ஒரே ஒரு பகல் குடிக்காமல் இருந்து, நாலு தெரு தாண்டி ஒருத்தியிடம் போய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு அவனுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஆறுமுகத்தாய் ஏன் எதற்கு என்று கேட்காமல் கடைசி இரண்டு நாள் வாசற்கதவை மறித்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் அவன் வாந்தி எடுத்தான், உதறினான், அவளைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். அவள் நகரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். கோமு அதே இடத்தில் இருந்தாள். பக்கத்தில் மூத்த மகள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கோமு அவளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு, சொளவை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"கிட்ட வா. வாயை ஊது."

ஊதினான்.

"சரி, சொல்லு."

சொன்னான். மணல் குவியல், இரண்டு கிளாஸ், கேசரிக் கதை, வடக்கு மூலையின் ஈரத்தைக் காலையிலேயே பார்த்தது, கொய்யா இலை. எல்லாவற்றையும் சொன்னான். "நான் கீழ நிக்கலக்கா. நிக்கேன்னு பொய் சொன்னேன்" என்று முடித்தான். இந்தத் தடவை அழுகை வரவில்லை.

கோமு குட்டைக் காலைத் தடவிக்கொடுத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே" என்றாள். "நீ கீழ நின்னா ஒன் சத்தம் எங்காலுக்கு அடியில இருந்து வரும். அன்னைக்கு மேக்க, மணலுப் பக்கம் இருந்துல்லா வந்துது."

அவன் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தான்.

"தெரிஞ்சு ஏன்க்கா ஏறுனிய?"

"பொறத்தால பத்துப் பேரு சட்டியோட நிக்காவ. மேஸ்திரி கத்துதாரு. நான் நின்னு வம்பு பண்ணினா, நீ அங்கன குடிச்சிக்கிட்டு இருக்கது எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும். ஆறுமுகத்தாய் மவன், மானம் போயிரக் கூடாதேன்னு நெனைச்சேன்." அவள் சொளவை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். "நிக்கேன்னு சொல்லிட்டான், நான் ஏறி முடியறதுக்குள்ள வந்து நின்னுருவான்னு நம்பித்தாம்லே ஏறுனேன்."

மகள் தண்ணீர்க் குடத்தோடு வந்து, வாசலில் உட்கார்ந்திருந்தவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.